குளிர்காலத்தில் ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு

ஏ.பி.எஸ். என்பது, பிரேக்கை அழுத்தும்போது சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு ஆகும். பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு ஏ.பி.எஸ். 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்புக் கார்களில் அறிமுகமானது. இதில் கோளாறு ஏற்பட்டால் ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். கனடா போன்ற பனி பொழியும் நாடுகளில், குளிர்காலத்தில் இவ்விளக்கு எரியத் தனிக் காரணங்கள் உள்ளன.

விளக்கின் பொருள்

எஞ்சினை இயக்கியதும் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைவது இயல்பான தற்சோதனை. அணையாமல் எரிந்தால் ஏ.பி.எஸ். செயல்படவில்லை என்று பொருள். வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் வழுக்கும் சாலையில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. மஞ்சள் விளக்குடன் சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது பிரேக்கிலேயே கோளாறு இருக்கலாம். அப்போது பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்த வேண்டும், தொடர்ந்து ஓட்டக்கூடாது.

குளிர்காலக் காரணங்கள்

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக உணரி உள்ளது. பல கார்களில் அதற்கும் பல் வளையத்திற்கும் இடையே சுமார் 1 மி.மீ. இடைவெளியே இருக்கும். அங்கு பனிக்கட்டி இறுகினால் உணரியோ அதன் கம்பியோ பாதிக்கப்படலாம். சாலையில் தூவப்படும் உப்பு துருவை வளர்க்கிறது. உணரியின் அடியில் சேரும் துரு அதை மேலே தூக்கி, இடைவெளியைக் கூட்டிவிடும். கடுங்குளிரில் பேட்டரி வலுவிழப்பதும், பனியில் சிக்கிய காரின் ஒரு சக்கரம் மட்டும் நெடுநேரம் சுழல்வதும் விளக்கை எரியச் செய்யக்கூடும்.

சோதிக்கும் முறை

1. காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கவும். சக்கரம் சுழன்றதால் எரிந்த விளக்கு, சிறிது தொலைவு ஓட்டியதும் பெரும்பாலும் அணைந்துவிடும்.
2. பிரேக் எண்ணெயின் அளவைப் பார்க்கவும்.
3. சக்கரங்களின் உட்புறத்தில் இறுகிய பனியை நீக்கவும். கம்பிகளைக் கூரான கருவியால் குத்தக்கூடாது.
4. பேட்டரியைச் சோதிக்கவும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.
5. ஏ.பி.எஸ். குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்தால் எந்தச் சக்கரத்தில் கோளாறு என்பது தெரியும். மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும்.

துரு காரணமென்றால் உணரியைக் கழற்றி, அது பொருந்தும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்வதே பல நேரங்களில் போதுமானது. துருப்பிடித்து இறுகிய உணரி கழற்றும்போது உடைவதும் உண்டு.

தானாக அணையும் விளக்கு

பனி உருகியதும் விளக்கு அணைந்துவிட்டால் கோளாறு நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. துரு அங்கேயே இருக்கும். அடுத்த குளிரில் மீண்டும் தொல்லை தரலாம். கார் நிற்கப்போகும் மெதுவான வேகத்தில், உலர்ந்த சாலையிலும் பிரேக் மிதி துடித்தால் உணரியின் சைகை பலவீனமாக உள்ளது எனலாம். அப்போது ஏ.பி.எஸ். தேவையின்றிப் பிரேக்கைத் தளர்த்துவதால் கார் நிற்க எடுக்கும் தூரம் கூடும். இந்நிலையில் விளக்கு எரியாமலும் இருக்கலாம்.

பழுது நீங்கும்வரை

முன்செல்லும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டால் மிதியைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் அழுத்த வேண்டும். சறுக்கலைத் தடுக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் இதே உணரிகளை நம்பியிருப்பதால், அதுவும் செயல்படாமல் போகலாம்.