முழங்காலுக்கு டாக்டர்... மனசுக்கு மட்டும் மேனேஜரா? - ஓர் இளம் வீரர் கேட்ட கேள்வி!

2014 மார்ச் 21. அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்து லீகில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியும் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் பெஞ்சில் இருந்து எழுந்து களத்துக்குள் வந்தார், 6 அடி 8 அங்குல உயரம் கொண்ட ஓர் இளைஞர். பெயர் ராய்ஸ் ஒயிட். வயது 22.

அந்த ஒரு நிமிடத்தையும் சேர்த்து, தன் வாழ்நாளில் என்.பி.ஏ-வில் அவர் ஆடியது மொத்தம் 3 ஆட்டங்கள், 9 நிமிடங்கள். எடுத்த புள்ளிகள், பூஜ்ஜியம்.

திறமை இல்லாதவரா? இல்லவே இல்லை. காயமா? அதுவும் இல்லை. அவர் தன் அணி நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார். 'என் மனநிலை இன்று விளையாடும் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அதை எழுத்தில் கொடுங்கள்!' இவ்வளவுதான்.

காரில் போகக்கூடிய கல்லூரி

ராய்ஸ் ஒயிட்டின் சொந்த ஊர் மினசோட்டா மாகாணத்தின் மினியாபொலிஸ். 'ஜெனரலைஸ்டு ஆங்ஸைட்டி டிஸார்டர்' என்ற பதற்றக் கோளாறு அவருக்கு இருந்தது. பரீட்சைக்கு முன்னால் நமக்கெல்லாம் வருகிற படபடப்பு அல்ல இது. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் மனம் எதையாவது நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும். தூக்கம் கெடும், தசைகள் இறுகும். சிலருக்கு திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும்போலத் தோன்றும்.

ஒயிட்டுக்கு இது விமானப் பயணத்தில் அதிகமாக வெளிப்பட்டது. அவர் சேர்ந்த அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம், வீட்டில் இருந்து காரிலேயே சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரம்.

அங்கே 2011-12 சீஸனில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது. புள்ளிகள், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் என ஐந்து பிரிவுகளிலும் தன் அணியில் அவரே முதலிடம். அந்த சீஸனில் அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் டிவிஷனில் இப்படிச் செய்த வீரர் அவர் ஒருவர்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தன் பிரச்னையை அவர் மறைக்கவில்லை. பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசினார். அது தெரிந்தேதான் 2012 ஜூனில் நடந்த டிராஃப்டில் 16-வது வீரராக அவரைத் தேர்வு செய்தது, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி.

சண்டை விமானத்தைப் பற்றி அல்ல

என்.பி.ஏ-வில் ஒரு சீஸனுக்கு ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். அதில் பாதி வெளியூரில். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர் என்று விமானத்திலேயே வாழ்க்கை ஓடும்.

அதனால் முதல் பேச்சுவார்த்தை பயணத்தைப் பற்றித்தான் நடந்தது. பயிற்சி முகாமின் தொடக்கத்தைக்கூட ஒயிட் தவறவிட்டார். கடைசியில், முடிந்த இடங்களுக்கு அவர் பஸ்ஸில் போகலாம் என்று அணி ஒப்புக்கொண்டது. பிரச்னை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால், நவம்பர் மாதம் அவர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார். 'விமானத்துக்குப் பயந்த வீரர்' என்று ஊடகங்கள் எழுதின. ஒயிட் கேட்டதோ வேறு. ஒரு வீரருக்கு முழங்கால் வலி என்றால், ஸ்கேன் எடுத்துப் பார்த்து டாக்டர்தான் 'ஆடலாம்', 'ஆடக் கூடாது' என்று சொல்கிறார். கோச் அதற்குக் கட்டுப்படுகிறார். பதற்றக் கோளாறு உள்ள வீரருக்கும் அதே முறை வேண்டும், அந்த முடிவை எடுப்பவர் அணி நிர்வாகத்தைச் சாராத மனநல மருத்துவராக இருக்க வேண்டும் என்பதே அவரது வாதம்.

அணியின் தரப்பிலும் ஒரு கவலை இருந்தது. ஒரு வீரர் எப்போது வருவார், எப்போது வரமாட்டார் என்பதை வெளியாள் ஒருவர் தீர்மானித்தால் அணியை எப்படி நடத்துவது? ஒருவருக்கு இப்படி எழுதிக் கொடுத்தால் நாளை மற்றவர்களும் கேட்பார்களே? அன்றைக்கு லீகின் விதிகளில் இதற்குத் தெளிவான பதில் எதுவும் இல்லை.

அபராதம் விழத் தொடங்கியது. டிசம்பர் இறுதியில், டெக்சாஸின் தென்கோடியில் இருக்கும் இரண்டாம் நிலை அணியான ரியோ கிராண்டே வேலி வைப்பர்ஸுக்குப் போகச் சொன்னது நிர்வாகம். ஒயிட் மறுத்தார். 2013 ஜனவரியில் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த மாதக் கடைசியில் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, பிப்ரவரியில் அவர் வைப்பர்ஸுக்காக ஆடினார். அது நீடிக்கவில்லை. மார்ச்சில் அங்கிருந்தும் விலகினார்.

ஜூலையில் அவரை ஃபிலடெல்ஃபியா 76-யர்ஸ் அணிக்கு டிரேட் செய்தது ராக்கெட்ஸ். சீஸன் தொடங்கும் முன்பே அந்த அணியும் அவரை விடுவித்தது. அதன் பிறகு கிடைத்ததுதான் சாக்ரமென்டோவில் அந்த 9 நிமிடங்கள். ராக்கெட்ஸுக்காக ஒரு சீஸன் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை.

ஸ்டார் பேசியபோது...

ஐந்து ஆண்டுகள் ஓடின. 2018 பிப்ரவரியில் டொரான்டோ ராப்டர்ஸ் அணியின் நட்சத்திரம் டிமார் டிரோசன், தன்னை மன அழுத்தம் ஆட்டிப்படைப்பதாக ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அடுத்த மாதமே கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் வீரர் கெவின் லவ், 2017 நவம்பரில் ஆட்டத்தின் நடுவே தனக்குப் பேனிக் அட்டாக் வந்து களத்தைவிட்டு ஓடியதைக் கட்டுரையாகவே எழுதினார்.

இருவருக்கும் பாராட்டு மழை. உண்மையில் அது பாராட்டப்பட வேண்டிய துணிச்சல்தான். அதே 2018-ல் வீரர்கள் சங்கம், மனநலத்துக்கென்றே ஓர் இயக்குநரை நியமித்தது. 2019-20 சீஸனில் இருந்து, மனநல நிபுணர்களும் மனநல மருத்துவரும் வீரர்களுக்குக் கிடைக்கும்படி ஒவ்வொரு அணியும் ஏற்பாடு செய்ய வேண்டும், மனநல அவசர நிலையில் என்ன செய்வது என்ற திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று என்.பி.ஏ விதி கொண்டுவந்தது.

'எழுத்தில் வேண்டும்' என்று ராய்ஸ் ஒயிட் கேட்டது 2012-ல். விதி வர ஏழு ஆண்டுகள் ஆகின. லவ்வும் டிரோசனும் பேசியபோது அவர்கள் ஏற்கெனவே சாதித்த நட்சத்திரங்கள். ஒயிட் பேசியபோது அவர் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத புதுமுகம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கேட்கும்போது ஒரு கோரிக்கைக்குக் கிடைக்கும் பெயரே வேறு... 'அடம்'!

மறுபடியும் அதே கேள்வி

விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 2021-ல் பதில் கிடைத்தது.

ஃபிலடெல்ஃபியா 76-யர்ஸின் முன்னணி வீரர், ஆஸ்திரேலியாவின் பென் சிம்மன்ஸ். அந்த ஆண்டு பிளே-ஆஃப் தோல்விக்குப் பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார். பயிற்சி முகாமுக்கு வரவில்லை. அக்டோபரில் திரும்பி வந்தவர், மனதளவில் தான் ஆடத் தயாராக இல்லை என்று அணியிடம் சொன்னார். வீரர்கள் சங்கத்தின் மூலம் தன் நிபுணர்களைப் பார்த்துவந்தார். அணியோ, தன் டாக்டர்களிடமும் ஒத்துழைக்க வேண்டும் என்றது.

ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டால் சுமார் 3,60,000 டாலர் பிடித்தம். மொத்தம் 2 கோடி டாலர் அளவுக்குப் போனது. 2022 பிப்ரவரியில் அவர் புரூக்ளின் நெட்ஸுக்கு டிரேட் ஆனார். பிடித்த பணத்தைக் கேட்டு அவர் கொடுத்த புகார், அந்த ஆகஸ்ட்டில் சமரசத்தில் முடிந்தது. எவ்வளவு கிடைத்தது என்பது ரகசியம்.

சிம்மன்ஸ் முதலில் கேட்டது இடமாற்றம். மனநலம் பற்றிச் சொன்னது பிறகு. அதனால், 'இது உண்மையா, பேரமா?' என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தை முற்றிலும் தவறு என்று ஒதுக்கவும் முடியாது. அதேநேரம், பணப் பிரச்னை இருப்பவருக்கு மனப் பிரச்னையும் இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன?

இதில் இன்னொரு ஆச்சர்யம். ஒயிட்டுடன் மோதல் நடந்தபோது ராக்கெட்ஸின் பொது மேலாளராக இருந்தவர் டேரில் மோரி. சிம்மன்ஸ் விவகாரத்தின்போது 76-யர்ஸ் நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் அதே டேரில் மோரிதான்! இரண்டு முறையும் எதிரே இருந்தது ஒரே கேள்வி. முழங்காலை ஸ்கேனில் பார்க்கலாம். மனதைப் பார்க்க முடியாது. அப்படியானால், யார் சொல்வதை நம்புவது? சம்பளம் கொடுப்பவர் சொல்வதையா, சம்பளம் வாங்குபவர் சொல்வதையா? இருவருக்கும் பொதுவான ஒரு மருத்துவர் சொல்வதை என்பதுதான் ஒயிட் அன்றே சொன்ன பதில்.

பஸ் ஓடும் லீகில் ஒரு கோப்பை

ராய்ஸ் ஒயிட் பிறகு கனடா லீகுக்குப் போனார். ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் லைட்னிங் அணி. சாலை வழியாகவே போய்வரக்கூடிய ஊர்கள் நிறைய இருந்த லீக் அது. 2016-17 சீஸனில் அந்த அணி சாம்பியன். லீகின் மதிப்புமிக்க வீரர் விருது? ராய்ஸ் ஒயிட்டுக்கு!

பின்னாளில் அவர் அரசியலுக்குப் போனார். 2024-ல் மினசோட்டாவில் குடியரசுக் கட்சி சார்பில் செனட் தேர்தலில் நின்று தோற்றார். அவருடைய அரசியல் பேச்சுகள் பலருக்கு ஏற்புடையவை அல்ல. அது வேறு கணக்கு.

2012-ல் அவர் கேட்டது சலுகை அல்ல, ஒரு நடைமுறை. ஜுரம் என்று லீவ் லெட்டர் எழுத நாம் யாரும் தயங்குவதில்லை. 'மனசு சரியில்லை' என்று எழுத வேண்டிய நாளில் மட்டும், 'வயிற்று வலி' என்று மாற்றி எழுதிவிடுகிறோம். மாற்றாமல் எழுதியவர் ராய்ஸ் ஒயிட். அதற்கு அவர் கொடுத்த விலை, ஒரு முழு என்.பி.ஏ வாழ்க்கை!