காத்திருக்கும் நாள்களும் சிகிச்சை நாள்களே

கல்லீரல், பித்தநாளம், கணையம் ஆகியவற்றில் தோன்றிய புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை நாள் குறிக்கப்பட்டவுடன், அவிநாசிபாளையம் சுற்றுவட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் இரண்டு ஏற்பாடுகள் நடைபெறுவதைக் காண்கிறோம். நோயாளர் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்பது ஒன்று. நொய்க்கஞ்சியே போதும் என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் செய்யப்படுபவை. ஆயினும், இரண்டுமே அவருடைய தசை வலிமையைக் குறைத்துவிடுகின்றன.

இவ்வறுவைகள் எளியவை அல்ல. அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-இல் விவரித்து, இன்று அவர் பெயரால் வழங்கும் கணைய அறுவையில், கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியன நீக்கப்பட்டு, எஞ்சியவை சிறுகுடலோடு இணைக்கப்படுகின்றன. பல மணி நேரம் நீளும் அறுவைக்குப் பின் எழுந்து நடக்க வேண்டிய வலிமையை முன்னதாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பனியன் நிறுவனத்தில் நாள் முழுவதும் நின்று உழைத்தவருக்குப் பயிற்சி எதற்கு என வினவுவோர் உண்டு. நிற்பது வேறு, சற்றே மூச்சு வாங்கும்படி நடப்பது வேறு. நாள்தோறும் நடத்தல், நாற்காலியில் கையூன்றாமல் அமர்ந்து எழுதல் ஆகியவற்றை எவ்வளவு செய்யலாம் என்பதை உடல்நிலையைச் சோதித்துக் கூறுவோம். ஷிப்டு முடிந்து வரும் மகனோ மகளோ பத்து நிமிடம் உடன் நடந்தாலும் பெரும் துணையாகும். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை ஊதக் கூடாது. மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். புகைப்பழக்கத்தை அறுவைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே கைவிடுதல் நலம்.

கஞ்சியோடு முட்டை, பச்சைப்பயறு, தயிர், மீன் ஆகியனவும் சேரட்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 75 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் மட்டுமே. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உணவியலாளரைக் கேட்டு அளவை அறிக.

அறுவைக்குப் பின் கூடிய விரைவில் எழுந்து அமரச் செய்வோம். அதனைக் கொடுமை எனக் கருதற்க. வலியை மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்கு அஞ்சி இருமாதிருந்தால் சளி தேங்கி நிமோனியா வரக்கூடும். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுங்கள். கணைய நொதி மாத்திரை தரப்பட்டிருப்பின், அதனை உணவின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் பயனில்லை. மலம் வெளிறி எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், எங்களிடம் தெரிவியுங்கள்.

வீடு திரும்பியபின், மருத்துவர் அனுமதிக்கும் வரை தண்ணீர்க் குடத்தையோ துணி மூட்டையையோ தூக்கக் கூடாது. காய்ச்சல், மஞ்சள் காமாலை, தொடர் வாந்தி, காயத்தில் சீழ் இவற்றுள் எது கண்டாலும் அன்றே வருக.

தொலைவில் வாழ்வோர், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை பெற வாய்ப்புண்டு. தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்கள், புற்றுநோய்க்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகைக்குத் தமக்குத் தகுதி உண்டா என்பதை விடுப்பு எடுக்கும்போதே விசாரித்துக்கொள்க. கூலி போய்விடுமே என்னும் அச்சத்தால் உடல் தேறுமுன் தையல் எந்திரத்தின் முன் அமர வேண்டியதில்லை.