வீட்டு வரியில் ஒரு நூலகம்

தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்கள். ஒரு ரூபாய் சொத்து வரிக்கு 10 காசு நூலக வரி. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் சொத்து வரி என்றால், அதன்மேல் 200 ரூபாய் நூலகத்துக்குப் போகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இதில் தப்பவில்லை. வீட்டுக்காரர் எல்லா வரியையும் கணக்கில் வைத்துத்தான் வாடகை சொல்கிறார். இப்படி ஆண்டுதோறும் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் கிளை நூலகத்துக்குள் ஒருமுறைகூட நுழையாதவர்கள் நம்மில் ஏராளம். கட்டிய பணத்துக்கு அங்கே என்னென்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, புழங்குவதற்கு என்பதுதான் அவர் 1931இல் வகுத்த நூலக விதிகளின் தொடக்கம். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சி அது. தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். புத்தகம் ஊர் ஊராகப் போய் வாசகர் வாசலில் நின்றது.

நூலகம் யாருடைய தயவிலும் நடக்கக் கூடாது, அதற்கென்று தனி வருமானம் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சட்டத்தில் வரி சேர்க்கப்பட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை வசூலிக்கும் நூலக வரி, அந்தந்த மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நூலகங்களை நடத்துவது அந்த ஆணைக்குழு. மேலே பொது நூலக இயக்ககம். அதற்கும் மேலே பள்ளிக் கல்வித் துறை.

எந்த நூலகம் எதற்கு?

மாவட்ட அளவில் மாவட்ட மைய நூலகம், நகரங்களிலும் பெரிய ஊர்களிலும் கிளை நூலகம், கிராமங்களில் ஊர்ப்புற நூலகம், சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும் பகுதிநேர நூலகம் என்று வகைகள் உண்டு. எல்லாம் சேர்த்தால் மாநிலத்தில் நான்காயிரத்துக்கு மேல் வரும். நாவல், கவிதை, வார இதழ், நாளிதழ் போதும் என்றால் கிளை நூலகமே போதும். ஆராய்ச்சிக்கோ அகராதி, கலைக்களஞ்சியம் புரட்டுவதற்கோ மாவட்ட மைய நூலகம் வசதி.

தலைநகரில் இருப்பவர்களுக்கு இரண்டு பெரிய வாய்ப்புகள். எழும்பூர் கன்னிமாரா 1896இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய நூல் எங்கும் கிடைக்கவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15இல் திறந்தது. குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு, பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனிக் கூடம் எல்லாம் அங்கே உண்டு. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 முதல் இயங்குகிறது.

பெரிய நூலகத்தைப் பார்த்து மலைத்துவிட்டு, பக்கத்திலிருப்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை போகும் பல மாடி நூலகத்தைவிட வாரம் இருமுறை போகும் ஒற்றை அறையில்தான் படிக்கும் பழக்கம் வளரும்.

எப்படிச் சேர்வது?

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த நாளிதழையும் எடுக்கலாம், எந்த அலமாரியையும் மேயலாம். அந்தக் கையெழுத்தைச் சோம்பல்படாமல் போடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு நூலகத்திடம் இருக்கும் சான்று அதுதான். கூடுதல் இருக்கை, கூடுதல் இதழ் கேட்கும்போது நூலகர் காட்டுவதும் அதைத்தான்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக உறுப்பினர் அட்டை வேண்டும். விண்ணப்பத்தோடு முகவரிச் சான்றாக ஆதார் அட்டையோ குடும்ப அட்டையோ நகல் கொடுங்கள். காப்புத்தொகை என்று ஒன்றும் ஆண்டுச் சந்தா என்று ஒன்றும் வாங்குவார்கள். உறுப்பினராக வேண்டாம் என்று விலகும்போது காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். எத்தனை புத்தகம் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதைப் பொறுத்துத் தொகை கூடும். கூடினாலும் ஒரு புதுப் புத்தகத்தின் விலையைத் தொடுவது அரிது. திருப்பித் தர வேண்டிய தேதியைப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்துத் தருவார்கள். படித்து முடியவில்லை என்றால், தவணை முடிவதற்குள் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, “இது எப்போதும் மூடித்தான் கிடக்கும்” என்று சொல்பவர்கள் உண்டு. நேரமும் நூலகத்துக்கு நூலகம் மாறும். வாசலில் பலகை இருக்கும். முதல் தடவையே அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் தவிர என்ன இருக்கிறது?

அதிகம் பேருக்குத் தெரியாதது இதுதான். பெரும்பாலான நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இயங்குகிறது. தலைவர், செயலர், உறுப்பினர் எல்லாரும் அந்தப் பகுதி வாசகர்களே. நூல் அறிமுகம், கவியரங்கம், உள்ளூர் எழுத்தாளர் சந்திப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியரின் உரை என்று கூட்டம் நடத்துவார்கள். சேர விரும்பினால் நூலகரிடம் சொன்னால் போதும். ஒரு நாவலைப் பத்துப் பேர் படித்துவிட்டு வந்து பேசினால், தனியாகப் படித்தபோது கண்ணில் படாததெல்லாம் வெளியே வரும். சில ஊர்களில் வட்டம் பெயரளவில் மட்டும் இருக்கும். அங்கே துடிப்பான இரண்டு பேர் சேர்ந்தாலே அது எழுந்துவிடும்.

ஆண்டு முழுவதும் விழாக்களும் உண்டு. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்த நாள், தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் புத்தகக் கண்காட்சி, மாணவர்களுக்குப் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் நடக்கும். கோடை விடுமுறையில் கதை சொல்லல், சதுரங்கம், கைவேலை என்று சிறுவர் முகாம் நடத்தும் நூலகங்களும் இருக்கின்றன. கோடை வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் பக்கத்து நூலகத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சியில் எழுத்தாளர்களும் பிற துறையினரும் வாசகர்களோடு பேசுகிறார்கள். கட்டணம் கிடையாது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் பெயர் தாங்கிய மாவட்ட மைய நூலகத்தின் அரங்கு, நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் பேர்போனது. எழுத்தாளர்களை நேரில் பார்க்க விரும்புகிறவர் அங்கே ஒரு மாலை போய் உட்கார்ந்தால் போதும்.

காலையில் நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் போனபின், பகல் முழுவதும் நாற்காலிகளை நிரப்புகிறவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கு மின்விசிறியும் மேசையும் அமைதியும் உள்ள இடம் கிடைப்பதே பெரிய உதவி. தேர்வு நூல்களும் பள்ளிப் பாடநூல்களும் பல நூலகங்களில் கிடைக்கும். கூட்டாகப் படிப்பவர்கள் அங்கேயே குழுவாகவும் சேர்ந்துவிடுகிறார்கள்.

நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ‘நூலக நண்பர்கள்’ என்ற திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, படித்தபின் வாங்கிப் போவார்கள். மன்னார்குடி வண்டி செய்த வேலைதான். இப்போது இருசக்கர வாகனத்தில் நடக்கிறது. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் உங்கள் ஊரில் இது உண்டா என்று கேளுங்கள். நேரம் இருந்தால் நீங்களே தன்னார்வலராகலாம்.

நூலகத்துக்கே போக முடியாத இரவு நேரத்துக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் தமிழ் மின்னூலகம் இருக்கிறது. அச்சில் இல்லாத பழைய நூல்களையும் இதழ்களையும் அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

குறைகள் இல்லையா?

உண்டு. சில நூலகங்கள் இடநெருக்கடியான வாடகைக் கட்டடத்தில் இருக்கின்றன. பல இடங்களில் ஒரே ஊழியர்தான் கதவைத் திறப்பது முதல் கணக்கு எழுதுவது வரை எல்லாம் செய்கிறார். பெண்கள் தயக்கமின்றி வந்து உட்காரும் சூழல் எல்லா ஊரிலும் இல்லை. கழிப்பறை இல்லாததும் அதற்கு ஒரு காரணம். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நிலுவையில் வைத்தால் புதுப் புத்தகம் வாங்குவது தள்ளிப்போகிறது.

இவற்றில் சிலவற்றை வாசகரே மாற்ற முடியும். தேடிய நூல் இல்லை என்றால், நூலாசிரியர் பெயர், பதிப்பகத்தோடு எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் காற்றில் போகும், எழுத்து கோப்பில் நிற்கும். 1,000 ரூபாய் கொடுத்தால் அந்த நூலகத்தின் புரவலராகலாம். புத்தகம் நன்கொடை தருவதாக இருந்தால், முதலில் என்ன தேவை என்று கேளுங்கள். கரையான் அரித்த பழைய வழிகாட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டுவது கொடையில் சேராது. கட்டடம், கழிப்பறை, குடிநீர் போன்றவற்றை வாசகர் வட்டத்தின் தீர்மானமாக மாவட்ட நூலக அலுவலருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அனுப்பினால், தனி ஆள் புலம்பலைவிட எடை அதிகம்.

ஆள் வராத நூலகத்துக்கு இதழும் இருக்கையும் கேட்டு வாங்குவது கடினம். கூட்டம் வரும் நூலகத்தை எவரும் எளிதில் புறக்கணிக்க முடியாது. எனவே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஆதார் நகலோடு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். தெருவில் விளையாடும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.