ஈலை மேனிங்கின் முதல் ஆண்டு

பிரிட்ஜ்வாட்டரில் நம் பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்து பற்றி வாதிடுகையில், கிரிக்கெட்டில் வளர்ந்த பெற்றோராகிய நாம் விழிக்கிறோம். பந்தைப் பெற்ற சில நொடிகளில், எதிரணியின் வியூகத்தை உணர்ந்து, எறிவதா, கைமாற்றுவதா என முடிவு செய்பவரே குவார்ட்டர்பேக். கல்லூரி ஆட்டத்தினும் தொழில்முறை ஆட்டத்தில் வியூகங்கள் நுட்பமானவை. ஆதலால் புதியவர் தடுமாறுவது இயல்பே.

2004இல் ஃபிலிப் ரிவர்ஸையும் சில தேர்வுரிமைகளையும் ஈடாகக் கொடுத்து ஜயன்ட்ஸ் அணி மேனிங்கைப் பெற்றது. அவர் முன்னின்று தொடங்கிய முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி! பால்டிமோருக்கு எதிராக எறிந்த 18இல் நான்கே உரியவரிடம் சேர்ந்தன. கொடுத்த விலையை எண்ணின், ரசிகர்களின் சினத்திலும் நியாயம் உண்டு. பயிற்சியாளர் டாம் காஃப்லின் அடுத்த வாரமும் அவரையே இறக்கினார். ஏழாம் ஆட்டத்தில் டாலஸ் வீழ்ந்தது. 2008, 2012 சூப்பர் பௌல்களில் ஆட்டநாயகன் மேனிங்கே.

ஜெட்ஸ் அணி 2021இல் தேர்ந்த ஸாக் வில்சனுக்கும் வாய்ப்புகள் தரப்பட்டன. 2024இல் அவர் டென்வருக்கு மாற்றப்பட்டார்.