ஹேவ்லாக் தீவில் ஒரு கவசக்காரர்!

2024-ம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரில் காலையில் அரசாங்கக் கப்பல் ஏறினால், சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஹேவ்லாக் போய் இறங்கலாம். இந்தத் தீவுக்கும் 2018-ம் ஆண்டில் ஸ்வராஜ் தீவு என்று புதுப் பெயர் சூட்டிவிட்டார்கள். ஆனாலும் ஜெட்டியில் ஆட்டோ ஓட்டுபவர் முதல் இளநீர் வெட்டுபவர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் "ஹேவ்லாக்"தான். நாமும் அப்படியே எழுதுகிறோம்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ராதாநகர் கடற்கரையைப் பார்க்க வருகிறார்கள். மீதிப் பேர் கடலுக்கு அடியில் போக வருகிறார்கள். உடம்போடு ஒட்டிய கறுப்பு ரப்பர் சட்டை, முதுகில் காற்றுச் சிலிண்டர், கண்ணை மறைக்கும் கண்ணாடி, காலில் வாத்துப் பாதம்! பத்துப் பேர் இப்படி வரிசையாக நடந்து போவதைப் பார்த்தால், வேற்றுக் கிரகத்து ஆட்கள் நம் பூமியில் இறங்கிவிட்டார்களோ என்று தோன்றும்.

ஆனால் உண்மையான "வேற்றுக் கிரகத்து ஆள்" இருந்தது வேறு இடத்தில். ஓர் ஓட்டலின் பின்புறம், தண்ணீர் டாங்குக்கு அடியில், தகரக் கூரை போட்ட ஒரு சிறு அறையில்!

"பெயிண்ட் காயல, தொடாதீங்க!"

பரமக்குடிப் பக்கத்து இளைஞர் அவர். அந்த ஓட்டலில் கணக்கு எழுதுகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம் பிறகு சொல்கிறேன்.

அறைக்குள் நுழைந்ததும் ஆணியில் தொங்கிய ஒரு தலைக் கவசத்தைத் தொடப் போனேன்.

"அண்ணே, தொடாதீங்க, பெயிண்ட் காயல!" என்று கத்திவிட்டார்.

சாம்பல் நிற இரும்புத் தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. கன்னத்தில் குண்டு பட்டு நசுங்கிய மாதிரி ஒரு வடு. நல்ல கனம் இருக்கும் என்று நினைத்தேன். காய்ந்த பின் கையில் கொடுத்தார். ஒரு ஜோடி செருப்பின் எடைகூட இல்லை!

சிரித்தார். "செருப்புதாண்ணே இது. செருப்பு அட்டையும் இதுவும் ஒரே சரக்கு."

விஞ்ஞானக் கதைப் படங்களில் வரும் வீரர்களின் கவசத்தை அச்சு அசலாகத் தாமே செய்து, தாமே அணிந்துகொள்ளும் பொழுதுபோக்கு இது. உலகமெங்கும் இதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வரைந்த அச்சை இன்னொருவர் திருத்துவார். மூன்றாமவர் அதை வாங்கி வெட்டுவார். முகம் பார்க்காத சிநேகம். ஹேவ்லாக்கில் உட்கார்ந்திருக்கும் நம் பரமக்குடிக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

செய்வது எப்படி?

முதலில் காகிதம். முப்பரிமாண உருவத்தைத் தட்டையான துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும் ஜப்பானியக் கம்ப்யூட்டர் முறை ஒன்று இருக்கிறது. பெப்பகுரா என்று பெயர். சாதாரணத் தாளில் அச்சடித்தால், ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் எண் இருக்கும். பன்னிரண்டோடு பன்னிரண்டை ஒட்டு, பதிமூன்றோடு பதிமூன்றை ஒட்டு. அவ்வளவுதான்! பேரேட்டில் வரவையும் செலவையும் நேர் செய்யத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை என்கிறார்.

அடுத்தது அட்டை. ஈ.வி.ஏ. என்ற ஃபோம் ஷீட். செருப்பின் அடிப்பாகத்திலும், உடற்பயிற்சிக்கு விரிக்கும் பாயிலும் இருப்பது இதுதான். கூர்மையான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கத்தி மழுங்கினால் ஓரம் பிய்ந்துவிடும். வெட்டிய துண்டைச் சூடான காற்றில் காட்டினால் மேலே உள்ள நுண்துளைகள் மூடிக்கொண்டு வழவழப்பாகும். அந்தச் சூட்டிலேயே முழங்காலின்மேல் வைத்து அழுத்தினால் தோள்பட்டை வளைவு வந்துவிடும். ஆறியதும் அப்படியே நிற்கும்.

ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் பசை. இரண்டு பக்கமும் பூசி, உடனே ஒட்டாமல் காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டால் பிசுபிசுக்காத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தினால் பிறகு பிரிக்க முடியாது.

இந்தப் பதத்தை அவர் கற்றுக்கொண்ட இடம் எது தெரியுமா? கடலில் மூழ்குவோருக்குச் சட்டை வாடகைக்கு விடும் கடை! பவளப்பாறை கிழித்த நியோப்ரீன் சட்டைகளை அங்கே இதே முறையில்தான் ஒட்டுகிறார்கள். இனி ஒட்டுப்போட முடியாது என்று கழித்த சட்டைகள் இவருக்கு இலவசம். தலைக் கவசத்தின் உள்ளே மெத்தை, இடுப்பில் வார், முழங்கை மூட்டு எல்லாம் அந்தக் கழிவுதான். கண்ணாடியில் மூச்சுப் பட்டு ஆவி படியாமல் இருக்கக் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டுத் தடவுவதும் மூழ்குவோரிடமிருந்து வந்த உபாயம்.

படகு பழுதுபார்க்கும் வங்காளிப் பெரியவர் ஒருவரிடம் ஃபைபர் வேலையும் பழகியிருக்கிறார். காகிதத் தலையின் உட்புறம் கண்ணாடி இழையை வைத்து ரெசின் பூசினால் கல் மாதிரி இறுகும். டிங்கிப் படகின் ஓட்டையை அடைப்பதும் இப்படித்தான். ஒருநாள் மழைக்குப் பயந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெசின் பூசியிருக்கிறார். தலை சுற்றி, வாந்தி எடுத்து, ராத்திரி முழுவதும் படுக்கை. மறுநாள் அந்தப் பெரியவர் இந்தியில் கொடுத்த திட்டு இன்னும் காதில் இருக்கிறதாம். அந்த ஆவி நெஞ்சுக்கு ஆகாது. காற்றோட்டமான வெளியில், அதற்குரிய முகமூடி போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். ஆசைப்பட்டு இறங்கும் இளைஞர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

முதலில் செய்த மார்புக் கவசம் வீணாகப் போயிற்று. காய்வதற்காகத் தகரக் கூரைமேல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார். மாலையில் வந்து பார்த்தால் வெயிலில் வளைந்து, ஒட்டெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இரண்டு மாத உழைப்பு!

ஒரு தந்தையின் கதை

இந்த மோகம் புதிதல்ல. 1939-ம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற ரசிகரும் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளசும் எதிர்கால மனிதர்களைப்போல உடை அணிந்து வந்தார்கள். தைத்தவர் அந்த அம்மையார்தான். 1977-ம் ஆண்டு "ஸ்டார் வார்ஸ்" படம் வந்தபின் அதில் வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்களைப் போலச் செய்யாத நாடு இல்லை.

1997-ம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் இப்படிச் செய்பவர்களைச் சேர்த்து "501-வது படை" என்று ஒரு சங்கம் தொடங்கினார். கார் விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். படத்தில் உள்ளபடி கவசம் இருந்தால்தான் சங்கத்தில் இடம். பட்டாளத்தைப் போல ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஆனால் போர் எதுவும் கிடையாது. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் தர்ம காரியங்களுக்கும் கவசத்தோடு போய் நிற்பார்கள். தங்களுக்கென்று கூலி வாங்கமாட்டார்கள்.

ஜான்சனின் சிறு மகளுக்கு மூளையில் கட்டி வந்தது. அவளுக்குத் துணையாக ஓர் இயந்திர மனிதன் வேண்டும் என்று அவளுடைய சகோதரி கேட்டாளாம். இயந்திரங்கள் செய்யும் நண்பர்கள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். அது முடிவதற்குள் காலம் மிஞ்சிவிடும் என்று தெரிந்து, இருந்த ஒன்றுக்கு அந்த வர்ணம் பூசி அவளிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2005-ம் ஆண்டு அந்தக் குழந்தை இறந்துவிட்டது. அவள் பெயரால் செய்த இயந்திரம் மறு ஆண்டு முடிந்தது. இன்றும் அதை ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நம் இளைஞர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

படக் கம்பெனியும் இவர்களைக் கண்டுகொண்டது. 2005-ம் ஆண்டு வந்த படத்தில் ஒரு படைக்கே 501 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். 2007-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் பாசடேனா நகர ஊர்வலத்தில் சுமார் 200 ரசிகர்கள் கவசத்தோடு ஐந்தரை மைல் நடந்தார்கள். பிளாஸ்டிக் உடுப்பில் ஐந்தரை மைல்! நம் ஊர் வெயிலில் முடியுமா?

கோர்ட்டில் தலைக் கவசம்

காசுக்கு விற்றால் மட்டும் கதை வேறு. படத்துக்காக 1976-ம் ஆண்டு அந்த வெள்ளைத் தலைக் கவசங்களை வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர், பிற்காலத்தில் அதே கவசத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். படக் கம்பெனி வழக்குப் போட்டது. அமெரிக்கக் கோர்ட் 2 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கில் எழுந்த கேள்வி வேடிக்கையானது: தலைக் கவசம் சிற்பமா, இல்லையா?

சிற்பம் என்றால் நீண்ட காலக் காப்புரிமை உண்டு. 2011-ம் ஆண்டு ஜூலையில் தீர்ப்பு வந்தது: இது படம் எடுப்பதற்காகச் செய்த பொருள், சிற்பம் அல்ல! பிரிட்டனில் அவர் ஜெயித்தார். ஆனால் அமெரிக்கக் காப்புரிமையை மீறியதற்காக அங்கேயே அவர்மீது வழக்கு நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

சிற்பம் இல்லையென்று சொன்ன கனவான்கள் நம் தொண்டை மண்டலத்துப் பக்கம் வந்து பார்த்திருக்க வேண்டும்.

நம் ஊர் கவசம்

தெருக்கூத்தில் துரியோதனன் கட்டும் "கட்டை" என்ன? கல்யாண முருங்கை மரத்தில் குடைந்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். மேலே வர்ணக் காகிதம், கண்ணாடிச் சில்லு. ஏன் கல்யாண முருங்கை? எடை இல்லாத மரம். விடிய விடிய ஆட வேண்டுமே! பரமக்குடிக்காரர் செருப்பு அட்டையைத் தேடிப் போனதும் இதே காரணத்துக்காகத்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது கொட்டகையின் ஓலை இடுக்கு வழியாக வேடம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பகலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய மனிதர் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். முகத்தில் அரிதாரம். இருவர் பின்னால் நின்று கயிற்றை இறுக்குவார்கள். கடைசியாகக் கிரீடம் ஏறும். அவ்வளவுதான், பேச்சுக் குரலே மாறிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார்! புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் குழுவினரும், 1990-ம் ஆண்டு காஞ்சிபுரத்தில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தாரும் கட்டிய கவசங்களுக்கு எந்தக் கோர்ட்டிலும் காப்புரிமை கேட்டதாக நான் அறியேன்.

சினிமாவிலும் நாம் பின்தங்கவில்லை. பாட்டு வாத்தியார் தேடி வேற்றுக் கிரகத்திலிருந்து தட்டில் பறந்து வந்த கதையை 1963-ம் ஆண்டிலேயே "கலை அரசி"யில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்துக் காட்டினார்கள். 2010-ம் ஆண்டு "எந்திரன்" சிட்டிக்கு ரஜினிகாந்த் உருவில் இயந்திர உடம்பு செய்ய ஹாலிவுட்டின் லெகசி எஃபெக்ட்ஸ் கம்பெனி வந்தது. நம் இளைஞர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அட்டைப்பெட்டியில் முதன்முதலாகச் செய்தது சிட்டியின் தோள்பட்டையைத்தானாம்.

"சாமி அலங்காரம்!"

பெயர் வேண்டாம் என்றதற்குக் காரணம் அம்மா. மகன் அரை மாதச் சம்பளத்தை இதில் போட்டது ஊரில் தெரியக் கூடாது.

"அம்மா ஒரு தடவை போன்ல படத்தைப் பாத்துருச்சு. என்னடா இது, வெள்ளிக் கவசமான்னு கேட்டுச்சு. ஆமா, சாமிக்குன்னு சொல்லிட்டேன். தெரு பூரா சொல்லி வச்சிருக்கு, எம் மகன் அந்தமான்ல சாமி அலங்காரம் செய்யுறான்னு!"

சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"வீண் செலவுதானே தம்பி?" என்று கேட்டேன். நம்மில் பலரும் இதைத்தான் கேட்போம். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கி ஐந்தாம் தேதிக்குள் ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டுகிறவர்கள் அல்லவா நாம்! ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் நம்மவர்கள் சிலர் மிச்சத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைத்ததும் கேட்ட கேள்வி எனக்கே கசந்தது.

அவர் கோபப்படவில்லை. "அஞ்சு வருசமா இந்த ஓட்டல்ல இருக்கேன். பில்லை நீட்டுறப்ப பில்லைத்தான் பாப்பாங்க, என்னைய யாரும் பாத்ததில்ல. போன மாசம் பாதிக் கவசத்தை மாட்டிக்கிட்டு பீச்சுல நடந்தேன். டில்லிக்காரப் பிள்ளைங்க சுத்தி நின்னு, 'அங்கிள், நீங்க எந்தக் கிரகம்'னு கேட்டாங்க. பரமக்குடின்னேன்!"

சென்னையில் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதன்முறையாகக் "காமிக் கான்" திருவிழா நடந்தது. இப்படிக் கவசம் கட்டியவர்கள் கூடும் இடம். இவரால் போக முடியவில்லை. சென்னைக் கப்பல் மாதத்துக்குச் சில தடவைதான். பயணமோ கிட்டத்தட்ட மூன்று நாள். போக, வர, அங்கே இருக்க என்று கணக்குப் போட்டால் இரண்டு வார லீவு வேண்டும். விமானத்தில் போனால் சம்பளம் பறந்துவிடும். கவசத்தைப் பெட்டியில் போட்டால் அதற்குத் தனிக் கூலி!

அடுத்த திருவிழாவுக்குள் தொடைக் கவசமும் கையுறையும் முடிய வேண்டும். தலைக்குள் காற்று வர, பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைப் பேட்டரியோடு பொருத்த வேண்டும். காலைக் குனிந்து பார்க்க முடியாதாகையால் கையைப் பிடித்து அழைத்துப் போக ஓர் ஆளும் வேண்டும். கூத்துக் கொட்டகையில் கயிறு இறுக்கும் இருவர் என் நினைவுக்கு வந்தார்கள். "மடிப்பாக்கத்துல சித்தப்பா மகன் இருக்கான், அவன் வருவான்" என்றார்.

"லீவு?"

"எழுதிக் குடுத்திருக்கேண்ணே. மேனேஜர் இன்னும் ஒண்ணும் சொல்லல."

ஜெட்டிப் பக்கம் பகல் கப்பலின் சங்கு ஒலித்தது. விருந்தினர் வரும் நேரம். தலைக் கவசத்தை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு ஆணியில் மாட்டினார். கையில் ஒட்டிய பசையை உருட்டி எடுத்துக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டு, பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு, கணக்கு மேசையை நோக்கி ஓடினார்.