அட்டவணையில் இல்லாத ஊர்

எங்க திருமானூர் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். அக்கரையிலும் நெல், இக்கரையிலும் நெல். ஆனால் சட்டப்படி அக்கரைதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்.

பெரம்பலூரில் வங்கி வேலை பார்த்தபோது, அடமானப் பத்திரம் வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். சர்வே நம்பரும் நான்கு எல்லையும் அங்கேதான் இருக்கும். அதில் இல்லாத நிலத்துக்குக் கடன் கிடையாது. சட்டமும் அப்படித்தான்னு 2020-ல்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி, காவிரி டெல்டா வேளாண் மண்டலம் ஆகும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தலைவாசலில் அறிவித்தார். டெல்டா என்றால் நாமும்தானே! டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. பிப்ரவரி 20-ல் சட்டமன்றத்தில் மசோதா அறிமுகமானது. வழக்கமாக, முதலில் பொது விவாதம். பிறகு ஒவ்வொரு பிரிவாக, அட்டவணை உட்பட, அவை ஏற்க வேண்டும். திருத்தம் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். தெரிவுக் குழுவுக்கு அனுப்பினால் நிதானமாகப் பார்க்கலாம். எதிர்க்கட்சி அதைக் கேட்டது, நடக்கவில்லை. அன்றைக்கே நிறைவேறியது. பிறகு ஆளுநர் ஒப்புதல், அரசிதழ், அவ்வளவுதான்.

புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு, தாமிர உருக்காலை போன்றவை கூடாது என்கிறது இரண்டாம் அட்டவணை. எந்த ஊரில் கூடாது என்பது முதல் அட்டவணை. தஞ்சை, திருவாரூர், நாகை முழுசாக இருந்தன. கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள். அரியலூர், திருச்சி, கரூர் இல்லை.

அறிவிப்புக்கும் மசோதாவுக்கும் நடுவே பதினோரு நாள் இருந்தது. எம்.எல்.ஏ.விடம் ஒரு மனு கொடுத்திருக்கலாம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

2021 ஜூனில் அரியலூர் மாவட்டத்தில் 10 சோதனைக் கிணறு தோண்ட ஓ.என்.ஜி.சி. அனுமதி கேட்டது. மாநில அரசு மறுத்தது, நல்லது. ஆனால் அது அன்றைய அரசின் முடிவு. அடுத்து வருபவர் மாற்றலாம்.

வழி அடைபடவில்லை. நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையின் பெயரைச் சேர்க்க 2023 அக்டோபரில் திருத்த மசோதா வந்தது. நமக்கும் அதே பாதைதான். மாவட்டம் முழுவதையும் கேட்டால், சிமென்ட் ஆலையையும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் காட்டி மறுப்பார்கள். கடலூர் மாதிரி ஒன்றியமாகக் கேட்போம்: திருமானூர், தா.பழூர். கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலைக் கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் வேளாண் அமைச்சருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்க ஊர்த் தீர்மானத்தை எழுதிவிட்டேன். இந்த முறை அட்டவணையில் இருந்துதான் ஆரம்பித்தேன்.