விரல்ரேகை ஓர் இரகசியமா?

வங்கி அட்டையின் நான்கு இலக்க எண்ணை நாம் எவரிடமும் சொல்வதில்லை. ஆனால் தேநீர் அருந்திய கண்ணாடிக் குவளையில் விரல்ரேகையைப் பதித்துவிட்டு வருகிறோம். நிலம் வாங்கினால் கிரயப் பத்திரத்திலும் பதிக்கிறோம். அந்த ரேகையே நம் சேமிப்புக்குச் சாவியாகவும் இருந்தால் என்ன ஆகும்?

கிராமங்களில் வங்கி முகவரின் சிறு கருவியில் விரலை வைத்துப் பணம் பெறுவோர் பலர். முதியோர் ஓய்வூதியத்தையும் கூலியையும் இவ்வாறு பெறுகிறார்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை ஆகிய மூன்றும் போதும். அட்டையோ கையெழுத்தோ தேவையில்லை. பத்திர நகல்களிலிருந்து ரேகையைப் படியெடுத்துப் போலி விரல் செய்து, பிறர் கணக்கில் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன.

கருவி ஏன் ஏமாறுகிறது? விரல் நுனியில் மேடுகளும் பள்ளங்களும் உள்ளன. ஒருவகைக் கருவி ஒளியைப் பாய்ச்சி, கண்ணாடியைத் தொடும் மேடுகளையும் தொடாத பள்ளங்களையும் பிரித்தறிகிறது. மற்றொரு வகை, மேட்டிலும் பள்ளத்திலும் மின்தேக்குத் திறன் வேறுபடுவதை அளக்கிறது. இரண்டும் காண்பது வடிவத்தைத்தான். விரலுக்கு உரியவரை அன்று. 2002 இல் ஜப்பானியர் சுதோமு மட்சுமோட்டோவும் குழுவினரும் ஜெலட்டினால் விரல் செய்து, 11 வகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினர். ஜெலட்டினிலும் தோலைப் போலவே ஈரம் உண்டு!

இரகசிய எண் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா?

அப்படியானால் சாதாரண மக்கள் தம்மைக் காத்துக்கொள்ள இயலுமா? ஓரளவு இயலும். ரேகையை மறைக்க முயல்வது வீண். ஆனால் அது செல்லாதபடி பூட்டி வைக்கலாம். பதிவு செய்த கைப்பேசி எண்ணைக் கொண்டு, ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் விரல், கருவிழிப் பதிவுகளைப் பூட்டும் வசதி உண்டு. பூட்டியபின் போலி விரலும் செல்லாது, அசல் விரலும் செல்லாது. தேவைப்படும் நாளில் சற்று நேரம் திறந்துகொள்ளலாம். நகல் கேட்போரிடம், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுக்கலாம். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைப்பதுடன், வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

எஞ்சியது நம் கையில் இல்லை. கைப்பேசி இல்லாத மூதாட்டி எப்படிப் பூட்டுவார்? வைத்தது உயிருள்ள விரல்தானா என்று கருவியும் கணிப்பொறியுமே சோதிக்க வேண்டும். 2023 இல் ஆதார் ஆணையம் இத்தகைய சோதனையைப் புகுத்தியது. பத்திர நகலில் ரேகையை மறைத்துத் தருவது அலுவலகங்களின் கடமை.

உங்கள் வீட்டில் ரேகை வைத்துப் பணம் பெறும் பெரியவர் இருக்கிறாரா? அவருடைய பதிவு பூட்டப்பட்டுள்ளதா என்று இன்றே பாருங்கள்.